கண்ணாடியக்காவின் டைரியில் ஒரு வியாழக்கிழமை

ஊரில் பாதிப் பேருக்கு அவளுடைய பெயர் தெரியாது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள் என்பதால் எல்லோருக்கும் அவள் கண்ணாடியக்கா. பேரன் எடுத்தவர்கள்கூட அக்கா என்றே கூப்பிட்டார்கள். அதில் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு கடுப்பு உண்டு. கடுப்பை வாடிக்கையாளர்களிடம் காட்டக் கூடாது என்பது முதலாளியின் கட்டளை. அதனால் டைரியில் காட்டிவிடுவாள்.

டைரி அவள் கேட்டு வாங்கியதல்ல. லென்ஸ் கம்பெனி ஒன்று வருஷா வருஷம் கடைக்கு ஒரு டைரி அனுப்பும். முதலாளிக்குக் கையெழுத்துப் போடுவதே பெரும்பாடு. "நீ வச்சுக்கோம்மா" என்று அவளிடம் தள்ளிவிடுவார். நல்ல காகிதம் வீணாகிறதே என்றுதான் எழுத ஆரம்பித்தாள். போகப் போக, எழுதாமல் படுத்தால் பல் தேய்க்காமல் படுத்தது போல இருந்தது. அந்த டைரிகளில் தத்துவம் தேடினால் ஏமாந்துதான் போவீர்கள். யார் வந்தார்கள், யார் உயிரை வாங்கினார்கள், மகள் எதற்குப் பிடிவாதம் பிடித்தாள், வீட்டுக்காரர் ஈரச் செருப்போடு எப்படி வீட்டுக்குள் வந்தார், இவ்வளவுதான் இருக்கும். "இன்று ஒருவர் ஃபிரேம் பொறுக்கக் காலையிலிருந்து மதியம்வரை உட்கார்ந்திருந்தார். என்னைக் கட்டிக்கொள்ளக்கூட இவர் இவ்வளவு யோசிக்கவில்லை என்று அவர் மனைவி சொன்னாள். பாவம், இரண்டு பேரும்தான்." இப்படி ஒரு பக்கம். யாருக்கும் நன்றி சொல்லி ஒரு வரி எழுதுகிற ரகமல்ல அவள்.

அந்த டைரிக்குள்தான் போர் வந்து நுழைந்தது. புதன்கிழமைப் பக்கம் இப்படித் தொடங்குகிறது:

"துணி காயவில்லை. காலையில் தடால் என்று ஒரு சத்தம். மேல்வீட்டில் பீரோ நகர்த்துகிறார்கள் என்று நினைத்தேன். பிறகு இன்னொரு பீரோ. பிறகு இன்னொன்று. அவர்கள் வீட்டில் இருப்பதே ஒரு பீரோ."

எல்லைப் பக்கம் நிலைமை சரியில்லை என்று வானொலி வாரக்கணக்காகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் வானொலி சொல்வது வேறு, ஜன்னல் அதிர்வது வேறு. அன்று காலை அவள் கடைக்குப் போகும் வழியில் பெட்ரோல் பங்கில் வரிசை தெருமுனை தாண்டி நின்றது. மருந்துக்கடைக்காரர் கண்ணாடிக் கதவில் காகித டேப்பைப் பெருக்கல் குறியாக ஒட்டிக்கொண்டிருந்தார். ஒரு வீட்டு வாசலில் கார் மேல் மெத்தையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டம்மா மெத்தை வேண்டாம், தையல் மெஷின்தான் வேண்டும் என்று தெருவில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

கடையில் அடிதடிக் கூட்டம். "ஓடப்போகிறவர்களுக்கு முதலில் செருப்பு வேண்டும் என்று நினைத்திருந்தேன். இல்லை, கண்ணாடிதான் வேண்டியிருக்கிறது" என்று எழுதினாள். ஒருவருக்குத் திருகாணி கழன்றிருந்தது, இன்னொருவர் கண்ணாடி மேலேயே உட்கார்ந்துவிட்டார். போன மாதமே ஆர்டர் கொடுத்துவிட்டு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் அன்று ஒரே மூச்சில் வந்து நின்றார்கள். முதலாளியின் மனைவி நிறைமாதம். அன்று மாலையே அவர் மனைவியை அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கிளம்பும்போது சாவியையும் தன் சைக்கிளையும் அவளிடம் விட்டுவிட்டுப் போனார்.

"முடிஞ்ச கண்ணாடியெல்லாம் கொடுத்துடும்மா. ரசீது கேக்காத, ஆளப் பாத்துக் கொடு. உன்னால எத்தன நாள் முடியுதோ அத்தன நாள் தொற. முடியலையா, பூட்டிட்டுப் போயிடு. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

சிடுசிடுவென்று இருக்கும் மனிதர் அன்று அப்படிப் பேசினார். சைக்கிளுக்குக் காற்று இருக்கிறதா என்று கேட்டுச் சமாளித்தாள்.

அவள் ஊரைவிட்டுப் போவதாக இல்லை. வீட்டுக்காரருக்கு வேலை பம்ப் ஹவுஸில். மலைக்கு மேலே ஏரியிலிருந்து ஊருக்கு வரும் குடிதண்ணீர்க் குழாயின் கடைசி பம்ப் ஹவுஸ் அது. அவர் போய்விட்டால் மறுநாள் ஊரில் ஒரு குழாயிலும் சொட்டுத் தண்ணீர் வராது. ஆஸ்பத்திரிக்கும் சேர்த்துத்தான். அவர் நகர மாட்டார், அவரை விட்டுவிட்டு அவளும் நகர மாட்டாள். ஆனால் பத்து வயது மகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மலைக்கு மேலே இருக்கும் ஊரில் அவளுடைய அக்கா இருந்தாள். வியாழக்கிழமை மதியம் பள்ளிக்கூட பஸ்ஸிலேயே குழந்தைகளை அந்த ஊருக்கு அனுப்புவதாகப் பள்ளிக்கூடம் முடிவு செய்தது. பெரியவர்களுக்கு இடமில்லை.

"நீ வரலைன்னா நானும் போக மாட்டேன்" என்று மகள் தரையில் காலை உதைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை வந்துடறேன்டி. பெரியம்மாவ ரொம்பப் படுத்தாத."

ஞாயிற்றுக்கிழமை அங்கே போக முடியாது என்று அவளுக்கும் தெரியும், மகளுக்கும் தெரிந்திருக்கலாம்.

வியாழக்கிழமை காலை பத்து மணிவாக்கில் பஸ் டிரைவர் கடைக்குள் மூச்சிரைக்க வந்தார். கனத்த ஆள், சத்தமாகப் பேசுவார், குழந்தைகளுக்கெல்லாம் டிரைவர் மாமா. முந்தின நாள் பெட்ரோல் வரிசைத் தள்ளுமுள்ளில் அவருடைய கண்ணாடி கீழே விழுந்து யாரோ மிதித்துவிட்டார்கள்.

"புதுசுக்கு முன்னாடியே ஆர்டர் கொடுத்திருந்தேனே தங்கச்சி, ஆச்சா? கண்ணாடி இல்லாம போனேன்னா பஸ்ஸ இல்ல, பஸ் ஸ்டாண்டயே ஓட்டிட்டுப் போயிடுவேன்."

லென்ஸ்களை அவள் செவ்வாய்க்கிழமையே சாணையில் தேய்த்து வைத்திருந்தாள். ஃபிரேமில் பொருத்துவது மட்டும்தான் பாக்கி. கரண்ட் இல்லை. மேசை விளக்கு எரியாததால் ஜன்னல் வெளிச்சத்துக்காக மேசையின் மறுபக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். லென்ஸ்கள் இருந்த தட்டில் கை வைத்து, லென்ஸை எடுத்து, கோணாமல் உட்காருவதற்காக ஒவ்வொன்றிலும் போட்டிருந்த மெழுகுக் கோட்டைப் படுக்கைவசமாக வைத்து, திருகாணியை முடுக்கினாள். அது பழைய மாதிரி வட்ட ஃபிரேம். வெளியே எங்கோ மறுபடி பீரோ நகர்ந்தது. வேலை முடிந்தது.

அவர் மாட்டிக்கொண்டு தெருவைப் பார்த்தார். "ஏதோ தரை எழும்பி வர்ற மாதிரி இருக்கே?"

"புதுப் பவர் இல்லையாண்ணே? ரெண்டு நாள் அப்படித்தான் இருக்கும். பழகிடும்."

இந்த வாக்கியத்தை அவள் எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பாளோ! கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு இது வாயில் ஊறிப்போன வார்த்தை. பெரும்பாலும் உண்மையும்கூட. அவரும் தலையாட்டிவிட்டுப் போனார். மதியம் பஸ் கிளம்பியது. மகள் ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து, அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு கையாட்டினாள். அம்மாவும் அதையேதான் செய்தாள்.

கடையைச் சீக்கிரமே பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாள். வீடு ஓவென்று கிடந்தது. என்ன செய்வதென்று தெரியாமல், வழக்கத்துக்கு மாறாகச் சாயங்காலத்துக்கு முன்பே டைரியை எடுத்துச் சமையலறை மேசையில் உட்கார்ந்தாள். வியாழக்கிழமைப் பக்கத்தில் இருக்கும் வரி இதுதான்: "கரண்ட் இல்லை. ஜன்னல் வெளிச்சத்துக்காக மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து டிரைவருக்குக் கண்ணாடி"

அதற்கு மேல் பேனா ஓடவில்லை.

தட்டில் இரண்டு குழி. வலது லென்ஸ் வலது குழியில், இடது லென்ஸ் இடது குழியில். தட்டு எப்போதும் மேசையின் அதே இடத்தில் இருக்கும், அவள் எப்போதும் அதே பக்கத்தில் உட்காருவாள். கண் பார்க்க வேண்டியதில்லை, கையே எடுத்துப் போட்டுவிடும். அன்று அவள் மறுபக்கம் உட்கார்ந்தாள். தட்டைத் திருப்பவில்லை. கை மட்டும் பழைய பழக்கத்தில் போய்விட்டது. வேறு வடிவ ஃபிரேமாக இருந்தால் லென்ஸ் மாறினால் உட்காராது, உடனே தெரிந்திருக்கும். வட்ட ஃபிரேமில் எதுவும் எதிலும் உட்காரும்.

அவருக்கு ஒரு கண்ணில் அதிகப் பவர், மற்றதில் அதைப் போல இரண்டு மடங்கு. இடம் மாறினால் பக்கத்தில் இருப்பது எட்டிப்போகும், எட்ட இருப்பது ஆடும். அப்படிப்பட்ட கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒருவர் மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிறார். பஸ் நிறையக் குழந்தைகள். ஜன்னல் பக்கத்தில் அவள் பெற்ற பெண்.

சைக்கிளை எப்படி எடுத்தாள், தெருவை எப்படிக் கடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. டெலிபோன் எல்லாம் முந்தின நாளே ஊமையாகிவிட்டது. பம்ப் ஹவுஸில் மட்டும் குழாயோடு கூடவே போகும் தனிக் கம்பி ஒன்று உண்டு. ஒவ்வொரு பம்ப் ஹவுஸும் மற்றதோடு தண்ணீர் மட்டம் பற்றிப் பேசிக்கொள்வதற்காகப் போட்டது. மலைச்சாலையும் குழாயும் பக்கம் பக்கமாகத்தான் போகின்றன. அந்த நினைப்பு ஒன்றுதான் அவளை விழாமல் மிதிக்க வைத்தது.

வீட்டுக்காரர் எண்ணெய்க் கையோடு வெளியே வந்தார். அவள் சொன்னதில் பாதி அழுகை, பாதி லென்ஸ். எப்படியோ அவருக்குப் புரிந்துவிட்டது. 'என்ன காரியம் பண்ணிட்ட' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை மனிதர். நாற்காலியைத் துடைத்து அவளை உட்கார வைத்துவிட்டு, ரிசீவரை எடுத்துக் கைப்பிடியைச் சுற்றி, ஒவ்வொரு பம்ப் ஹவுஸாக அதன் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"ஒண்ணு! மஞ்சள் பஸ் போச்சா?"

"அது அப்பவே போச்சே."

"ரெண்டு! பள்ளிக்கூட பஸ் பாத்தியா?"

"இப்பதான் தாண்டுச்சு. ரோடு முழுக்க வண்டி, ஊர்ந்துதான் போகுது. ஏன்ணே, டிரைவர் புதுசா? ஆடி ஆடி ஓட்டறாரே."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூன்றாவது பம்ப் ஹவுஸ் மலையடிவாரத்தில் இருக்கிறது. அதைத் தாண்டினால் கொண்டை ஊசி வளைவுகள். அங்கே வேலை செய்பவரை வீட்டுக்காரர் நேரில் பார்த்ததே கிடையாது. வருஷக்கணக்காகக் கம்பியில் தண்ணீர் மட்டம் பேசியதோடு சரி. இவருக்கு அவர் 'மூணு', அவருக்கு இவர் 'கடைசி'.

"மூணு! மஞ்சள் பஸ் ஒண்ணு வரும். அத நிறுத்தணும்."

"நிறுத்தி?"

வீட்டுக்காரர் அவளைப் பார்த்தார். நிறுத்தி என்ன செய்வது? கண்ணாடியைக் கழற்றினால் டிரைவருக்குச் சுத்தமாகத் தெரியாது. வேறு டிரைவர் இல்லை. திறந்த சாலையில் குழந்தைகளை வைத்துக்கொண்டு நிற்க முடியாது; காலையிலிருந்து விமானங்கள் அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தன. அவள் கையைக் காற்றில் நீட்டினாள், அந்த வட்ட ஃபிரேமைப் பிடித்திருப்பது போல. வலதில் இருக்க வேண்டியது இடதில் இருக்கிறது. இடதில் இருக்க வேண்டியது வலதில். கையை மெல்லச் சுழற்றினாள், கீழ்ப்பக்கம் மேலே வரும்படி. கண்ணைத் திறந்தாள். ரிசீவரைப் பிடுங்கினாள்.

"அண்ணே, டிரைவரோட கண்ணாடியத் தலைகீழா மாட்டிவிடுங்க."

"என்னம்மா சொல்றீங்க?"

"தலைகீழா. காதுல மாட்டற கொக்கி மேல பாக்க இருக்கணும். நிக்காது, கயிறு வச்சுப் பின்னால இழுத்துக் கட்டிடுங்க."

கம்பியில் கரகரத்த குரல் ரொம்பத் தணிவாக வந்தது. "இது ஏதாவது ரகசியச் செய்தியா? மேலேருந்து எனக்கு ஒண்ணும் சொல்லலையே."

"ரகசியமும் இல்ல, மண்ணும் இல்ல. நான் பண்ணுன தப்புண்ணே. லென்ஸ வலது இடது மாத்திப் போட்டுட்டேன். தலைகீழா மாட்டினா அதது அதனதன் கண்ணுக்கு வந்துடும். அந்த பஸ்ஸுல எம் பொண்ணு இருக்கா."

"மஞ்சள் பஸ்தானே?"

"மஞ்சள்."

"லைன்லயே இருங்க."

ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டு அவர் ஓடுவது கேட்டது. அப்புறம் மோட்டாரின் ரீங்காரம். ஒரு நாய் குரைத்தது. மேலே விமானம் ஒன்று போகும் இரைச்சல் அந்தக் கம்பி வழியாகவே அவள் காதுக்குள் இறங்கிக் கரைந்தது. வீட்டுக்காரர் அவள் தோளில் வைத்த கையை எடுக்கவே இல்லை. புடவையெல்லாம் எண்ணெய்க் கறை. வேறு நாளாக இருந்தால் அதற்கு டைரியில் ஒரு பக்கம் வாங்கியிருப்பார்.

ஹாரன் சத்தம். விடாமல் அடித்தது. யாரோ யாரையோ பார்த்துக் கத்தினார்கள். டிரைவர் குரல் என்று தெரிந்தது, என்ன கத்துகிறார் என்று தெரியவில்லை. பிறகு வெகுநேரம் எதுவுமே கேட்கவில்லை. அவள் உயிர் காதில் வந்து உட்கார்ந்திருந்தது.

காலடி ஓடி வந்தது. மூச்சிரைப்பு.

"அம்மா, இருக்கீங்களா? நிறுத்திட்டேன். ரோட்டு நடுவுல போய் நின்னுட்டேன். முதல்ல என்னப் பைத்தியம்னுட்டாரு. சண்ட நேரத்துல ஒருத்தன் பனியனோட ஓடி வந்து கண்ணாடியத் தலைகீழா மாட்டுன்னா யாருதான் நம்புவா? லென்ஸ் போட்ட அம்மாதான் சொல்றாங்கன்னேன். அப்புறம் ஜன்னல்லேருந்து ஒரு பொண்ணு எட்டிப் பாத்து, 'எங்கம்மா சொன்னாங்கன்னா மாட்டிக்குங்க மாமா, இல்லேன்னா திட்டுவாங்க'ன்னுச்சு."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"என் ஷூ லேஸ உருவிக் கட்டிவிட்டேன். மனுஷன் நிமிந்து ரோட்டப் பாத்தாரு. பாத்துக்கிட்டே இருந்தாரு. அப்புறம் ஸ்டியரிங் மேல தலைய வச்சுக்கிட்டாரு. 'இவ்வளவு தூரம் எப்படி வந்தேன்னு எனக்கே தெரியல, பிள்ளைங்க பயப்படும்னு சொல்லல'ன்னாரு. தண்ணி கொடுத்தேன். குடிச்சிட்டுக் கிளம்பிட்டாரு."

"போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க. முதல் வளைவு திரும்பற வரைக்கும் நின்னு பாத்துட்டுத்தான் வர்றேன். சுத்தமா, கோடு போட்ட மாதிரி ஓட்டறாரு."

அந்தப் பக்கத்துக் குரல் தயங்கியது.

"அம்மா, ஒரு சந்தேகம். எனக்கும் ஒரு கண்ணாடி இருக்கு, போட்டா தலை சுத்துது. நானும் தலைகீழா மாட்டிப் பாக்கலாமா?"

போர் தொடங்கியதிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான். "வேண்டாண்ணே. எங்க கடைக்கு வாங்க. நானே பாத்துச் சரி பண்ணித் தர்றேன்."

"வர்றேம்மா, எல்லாம் அடங்கட்டும்."

நன்றி என்று அவள் சொல்லவே இல்லை. அது ரிசீவரை வைத்த பிறகுதான் உறைத்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வீட்டுக்காரர் தேற்றினார்.

சனிக்கிழமை டிரைவர் அடுத்த நடைக்குத் திரும்பி வந்தார். கண்ணாடி தலைகீழாக, ஷூ லேஸ் பின்னந்தலையில் முடிச்சாக, தெருவே வேடிக்கை பார்க்க பஸ்ஸிலிருந்து இறங்கினார். குழந்தைகள் எல்லோரும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார்கள், அவள் மகள் பெரியம்மா வீட்டில் முதல் நாளே சாப்பாட்டைக் குறை சொன்னாள் என்றார். அவள் லென்ஸை மாற்றிப் போட்டு, துடைத்து, தன் கையாலேயே அவருக்கு மாட்டிவிட்டாள். 'என்ன மன்னிச்சுடுங்கண்ணே' என்று ஆரம்பித்தவளை அவர் பேச விடவில்லை. "ஓட்டறவன் நான்தானே, நின்னு யோசிச்சிருக்கணும்" என்றார். அது அவர் பெருந்தன்மை. 'பழகிடும்' என்று சொல்லி அவரை யோசிக்க விடாமல் செய்ததே அவள்தான்.

ஆனால் மூணுக்கு நன்றி சொல்லக் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை விடிவதற்குள் கம்பி செத்துவிட்டது. மலையடிவாரத்தில் குண்டு விழுந்தது என்றார்கள். அந்த இடத்தில் சாலையை மூடி டிரைவரைக்கூடச் சுற்றுவழியில்தான் விட்டார்கள்; பம்ப் ஹவுஸ் மேலா, பக்கத்திலா என்று உறுதியாகச் சொல்ல ஆளில்லை. குழாயில் தண்ணீர் மட்டும் எப்படியோ கசிந்து வந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் தினமும் காலையில் ரிசீவரை எடுத்து "மூணு" என்று கூப்பிட்டுப் பார்ப்பார். சாயங்காலம் வந்து தலையை ஆட்டுவார். அந்த வருஷத்து டைரியில் பக்கம் பக்கமாக அது இருக்கிறது. விலைவாசி, இருட்டடிப்பு, ரேஷன் வரிசையில் யார் யாரை இடித்தார்கள், முதலாளிக்குப் பையன் பிறந்தது, இதற்கெல்லாம் கீழே ஒரே வரி: "மூணு இன்றும் பேசவில்லை."

அந்த டைரியிலேயே வேறொன்றும் மெல்ல நுழைந்திருக்கிறது. "மருந்துக்கடைக்காரர் கடைசிப் பாட்டிலைத் தனக்கு வைத்துக்கொள்ளாமல் மேல்வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்தார். நல்ல மனிதர்." "இவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்." நன்றி என்ற சொல் அப்போதும் இல்லை. ஆனால் யாராவது ஒரு நல்லது செய்தால் அதை எழுதாமல் அவள் பேனாவை மூடவில்லை.

போர் நின்றது. மகள் ஒரு சாண் வளர்ந்து திரும்பி வந்தாள். முதலாளி மனைவியோடும் பையனோடும் வந்து, கடை திறந்திருப்பதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். மலையடிவாரத்து பம்ப் ஹவுஸைப் புதிதாகக் கட்டினார்கள், புது ஆள் வந்தார். பழைய ஆளைப் பற்றி அவருக்குத் தெரியவில்லை. அவர் பெயர்கூட யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அவளும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லையே என்று அப்போதுதான் தன்னையே நொந்துகொண்டாள்.

ஒருநாள் மத்தியானம் கடையில் கூட்டம். அவள் குனிந்து ஒரு ஃபிரேமைச் சூடுகாட்டி வளைத்துக்கொண்டிருந்தாள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு துணிப்பையை வைத்தார்கள்.

"அம்மா, இதப் போட்டா தலை சுத்துது. கொஞ்சம் பாக்கறீங்களா?"

கரகரத்த குரல். அவள் நிமிரவில்லை, நிமிர்ந்தால் வேறு யாராகவோ இருந்துவிட்டால் என்ன செய்வது? பிறகு நிமிர்ந்தாள். மெலிந்த மனிதர், ஒரு கால் தாங்கலாக நின்றார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கிச் சிரித்தார்.

அன்றைய பக்கத்தில் அவள் எழுதியது இவ்வளவுதான்: "மூணு வந்தார். உயிரோடு இருக்கிறார். கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கடை நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும்."